தலையில் பெட்டி, கடைசிப் பெஞ்சில் இடம்

இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் மறைந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார்கள். அப்படி எழுதினால் அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிடும். ஊரில் உள்ளவர்களின் கோணல்களையெல்லாம் கதையாக எழுதியவர் அவர். என்ன செய்யலாம் என்று மதினியிடம் கேட்டேன். "நடந்ததை எழுதுத்தா. இல்லாததை எழுதினாத்தான் அவுகளுக்குப் பிடிக்காது" என்றார்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் ராசிங்காபுரத்தில் அய்யாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அய்யா என்று நாங்கள் கூப்பிடுவது எங்கள் அப்பாவை. கீழே கிணற்றுப் பாசனத்தில் தோட்டம், மேலே மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். மூத்தவன் படித்து முடித்து வந்தால் இரண்டையும் பார்த்துக்கொள்வான் என்று அய்யா நினைத்திருந்தார். மதுரைக்குப் படிக்கப் போன அண்ணன் கடைசிப் பரீட்சை எழுதாமல் திரும்பி வந்தார். "கேள்வியைப் பாத்தேன், பதிலும் தெரிஞ்சது, எழுதத்தான் பிடிக்கலை" என்று சாதாரணமாகச் சொன்னார். அய்யா அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவர் எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். தெரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். ஒரு பொங்கலுக்குத் தாடியோடு வந்து, சாமி இல்லை என்று சொல்லித் திருநீறு பூச மறுத்தார். அடுத்த பொங்கலுக்குக் காவி வேட்டியோடு வந்தார். ஏதோ ஆசிரமத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். அதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க விடியுமுன்னே எந்திரிக்கணும் பாப்பா, அதுக்கு நம்ம அய்யாகூடவே இருந்திருக்கலாம்" என்றார். இதற்கு நடுவில் கதைகளும் எழுதினார். ஒரு புத்தகம் வந்தது. ஊரில் யாரும் அதைப் படிக்கவில்லை. ஒரு மாமா மட்டும் படித்துவிட்டு, அது தன்னைப் பற்றியது என்று பேச்சை நிறுத்திக்கொண்டார். குடிப்பழக்கமும் இருந்தது. மதினி அனுமதி தந்ததால்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் மஞ்சள் காமாலையில் கிடந்தவரை அய்யா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவரை மறுபடி ஓடவிடக் கூடாது என்று அய்யா மூன்று முடிச்சுப் போட்டார். முதல் முடிச்சு பெட்டி, இரண்டாவது கல்யாணம், மூன்றாவது மலை.

பெட்டி என்றால் எங்கள் குலதெய்வத்தின் பெட்டி. சாமிக்குரிய பட்டும் மணியும் அதற்குள் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு, மூத்த வழியில் வந்த ஆண், விரதம் இருந்து, செருப்பில்லாமல், பெட்டி வீட்டிலிருந்து கோயிலுக்கு அதைத் தலையில் சுமந்து போக வேண்டும். தூக்குவதற்கு முன்னால், இதுவரை பெட்டி சுமந்து மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்களும் கூட வருகிறார்கள் என்பது நம்பிக்கை. ஒருவர் தலையில் ஏறிய பெட்டியை அவராக இறக்கிவைக்க முடியாது. அவருக்கு ஏற்றிவிட்டவர் உயிரோடு இருந்தால், அவர்தான் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். முட்டி தேய்ந்துபோன அய்யா, காமாலை தெளிந்து எழுந்த அண்ணன் தலையில் பெட்டியை ஏற்றினார். அண்ணன் மறுக்கவில்லை. அப்போது அவருக்கு எதையும் மறுக்கத் தெம்பு இல்லை.

அடுத்த வைகாசியில் தாய்மாமன் மகளான மதினியைக் கட்டிவைத்தார்கள். அந்த முடிச்சு மட்டும் அண்ணனுக்கு வரமாக அமைந்தது. மூன்றாவது முடிச்சு மலைத்தோட்டத்துப் பொறுப்பு. காலையில் போடியிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். அண்ணன் மட்டும் இறங்குவதில்லை. காய் பறிக்கும் மாதங்களில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே தங்கிவிடுவார். இரவும் பகலும் அடுப்பு எரிய வேண்டும், சூடு குறைந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். வெளியே விடாத மழை, மூடுபனி, அட்டை. உள்ளே விறகுப் புகை. பாதையில் மண் சரிந்தால் வாரக்கணக்கில் ஆள் முகம் பார்க்க முடியாது. எழுதுவதற்கு வாங்கிப் போன காகிதமெல்லாம் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. போடியில் என் வீட்டுக்கு வரும்போது, "ஆயுள் தண்டனைதான் பாப்பா, ஆனா உன் மதினி சோறு நல்லாருக்கு" என்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஓர் ஆடி மழையில் தோட்டத்து வேலைக்காரப் பெண் ஒருவர் இறந்துபோனார். கத்தோலிக்கக் குடும்பம். ஜீப்பு வர முடியாத பாதை. மலையில் குருவானவரை அச்சன் என்பார்கள். அந்த அச்சன் முழங்கால்வரை சேற்றோடு நடந்தே வந்தார். இறந்தவருக்குப் பெரிய உறவு எதுவும் இல்லை. இருந்த சிலர் நனைந்துகொண்டே நின்று ஒரே குரலில் ஜெபம் சொன்னார்கள். சம்பளம் கொடுக்கப் போன அண்ணன், குடையை மடக்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட அச்சனின் சின்னக் கோயிலுக்குப் போய், கடைசிப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்.

செய்தி கீழே இறங்கியதும் உறவினர்கள் முதலில் ஒரு பெண்ணைத் தேடினார்கள். ஆண்பிள்ளை மதம் மாறினால் பின்னால் ஒரு பெண் இருக்க வேண்டும் அல்லவா. மலை முழுக்க விசாரித்தும் கிடைக்கவில்லை. பிறகு பணம் கொடுத்திருப்பார்கள் என்றார்கள். அண்ணன் சட்டையைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சும் நின்றது. நானே அவரிடம் நேராகக் கேட்டேன்.

"எனக்கு என் வார்த்தையே சலிச்சுப்போச்சு பாப்பா. எதைச் சொன்னாலும் நான் சொன்னதாத்தான் இருக்கு. அங்க போய் முட்டி போட்டா, வேற யாரோ சொன்னதை எல்லாரும் சேந்து சொல்றாங்க. அதுக்குள்ள நான் இருக்கேன், ஆனா என்னைக் காணோம். நல்லாத் தூங்குறேன்."

அதற்குப் பிறகு அவர் குடித்து யாரும் பார்க்கவில்லை. கதைகளும் மறுபடி எழுதினார். முன்பு போல் யாரையும் கேலி செய்து எழுதவில்லை. எனக்குப் பழைய கதைகள்தான் பிடிக்கும். அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று அவர் அச்சனிடம் கேட்டார். பெட்டி சுமப்பதைப் பற்றி அவராகவே சொன்னார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அச்சன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, அதை இறக்கிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். அண்ணன் நேராக ராசிங்காபுரத்துக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"நீ எந்தச் சாமியை வேணாலும் கும்பிடு. சாமியே இல்லைன்னு சொன்னவன்தானே நீ" என்றார் அய்யா. "ஆனா பெட்டி உன் தலையில ஏறிருச்சு. நான் கண்ணை மூடுற வரைக்கும் அதை மாத்திக் குடுக்க மாட்டேன். உனக்கு வேணாம்னா போட்டுட்டுப் போ."

போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இளமையில் எத்தனையோ போட்டுவிட்டுப் போனவர்தான். அந்தத் தடவை அவர் போகவில்லை. "சரிங்கய்யா" என்றார்.

அப்படியே வருடங்கள் ஓடின. சிவராத்திரிக்குப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சு. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது, இவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார். பெட்டி தூக்கும்போது பங்காளிகள் இவர் முகத்தையே பார்ப்பார்கள். மலைக் கோயிலில் சிலர், சிவராத்திரிக்குப் பெட்டி தூக்குகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுப்பார்கள். மதினி வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது இவர் திரி திரித்துக் கொடுப்பார். மதினியும் ஞாயிறு காலையில் இவருக்கு வேட்டி எடுத்து வைப்பார். அந்த வீட்டுக்குள் சண்டை இருந்ததில்லை. வெளியில்தான் அவருக்கு நிற்க இடமில்லை.

"இங்கயும் இல்லாம, அங்கயும் இல்லாமப் போயிருவேனோன்னு இருக்கு பாப்பா. செத்தா ரெண்டு பக்கமும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்று ஒருமுறை என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. அய்யா மேலும் வந்தது, அச்சன் மேலும் வந்தது, வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருந்த இவர் மேலும் வந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இருமல் ஆரம்பித்தது. ஸ்டோர் புகையாக இருக்கலாம், நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். தொண்ணூறை நெருங்கும் அய்யா நன்றாக நடமாடினார். அவர் கண்ணை மூடக் காத்திருந்த அண்ணனுக்குத்தான் மூச்சு வாங்கியது. அப்படியிருந்தும் சென்ற ஆண்டு சிவராத்திரிக்கு விரதம் இருந்தார். மதினி தடுத்தும் கேட்காமல், ஆட்டோவில் பெட்டி வீட்டுக்கு வந்து இறங்கினார். குளித்து, ஈர வேட்டியோடு, தலையில் சும்மாடு வைத்துக் குனிந்து நின்றார். பங்காளிகள் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார்கள். மேளம் நின்றது. அந்த அமைதியில் அண்ணன் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அய்யாவுக்குக் காது மந்தம். அவர் மகனின் முதுகில் கை வைத்துப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு சித்தப்பா மகனான தம்பியைப் பார்த்து, "நீ குனிடா" என்றார்.

"பெரியப்பா, அண்ணன் இருக்கும்போது…"

"குனின்னு சொன்னேன்."

"காரணமில்லாம மாத்தக் கூடாதுய்யா" என்று ஒரு பங்காளி முன்னால் வந்தார்.

"காரணம் எனக்குத் தெரியும்."

அண்ணன் தலையிலிருந்த சும்மாட்டை அய்யாவே எடுத்துத் தம்பி தலையில் வைத்தார். பெட்டியை ஏற்றினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அப்பு, நீ சுமந்தது போதும். உன் கோயிலுக்குப் போ" என்றார். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அண்ணனை அவர் அப்பு என்று கூப்பிட்டதில்லை. அந்த இடத்தைக் கோயில் என்று சொன்னதும் அன்றுதான் முதல்முறை.

இரண்டொரு நாளில் கிறிஸ்தவர்களின் திருநீற்றுப் புதன். அண்ணனை என் வீட்டுக்கு அழைத்து வந்து, போடியில் உள்ள கோயிலுக்கு நானே ஆட்டோவில் கூட்டிப் போனேன். அண்ணன் நெற்றியில் பெட்டி வீட்டில் பூசிய திருநீறு இன்னும் லேசாக இருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். குருவானவர் அதன் மேலேயே சாம்பலால் சிலுவை வரைந்தார்.

பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஈஸ்டர் நாள்வரை உடம்பு தாங்காது என்று தெரிந்ததும், என் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடானது. மலையிலிருந்து அச்சன் இறங்கி வந்தார். அய்யாவும் ராசிங்காபுரத்திலிருந்து வந்து கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அச்சன் புதுப் பெயரைச் சொன்னதும் அய்யா, "அப்ப நான் வச்ச பேரு?" என்று கேட்டார். "அதுவும் இருக்கும் பெரியவரே, யாரும் எடுத்துட மாட்டாங்க" என்றார் அச்சன். அய்யா தலையாட்டினார். அன்றுதான் அண்ணன் முதன்முதலாக நற்கருணை வாங்கினார். எல்லாரும் போன பிறகு வாயைத் துடைத்துவிடப் போனேன். "பசியா இருந்துச்சு பாப்பா, இத்தனை வருசமா" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பத்துப் பதினைந்து நாளில் போய்விட்டார். போடிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கொள்ளி வைக்காமல் மண்ணில் வைக்கிறார்களே என்று உறவில் சிலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வந்து நின்றார்களே, அதுவே பெரிது.

அண்ணனுக்காக மலையில் இத்தனை வருடம் காத்திருந்த அச்சனுக்கும், அடக்கத்துக்கு அன்றைய கூலியை விட்டுவிட்டு ஜீப்பு பிடித்து இறங்கி வந்த தோட்டத்து வேலையாட்களுக்கும், இரவென்றும் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், பெட்டியை மனம் கோணாமல் ஏற்றுக்கொண்ட தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சொல்லவில்லை.

கடைசி நன்றி அய்யாவுக்கு. அண்ணன் இறந்த பிறகு அவர் என்னிடம் அடிக்கடி ஒன்றைக் கேட்பார். "அந்தப் புதுப் பேரை ஒருக்காச் சொல்லு தாயி." சொல்வேன். உதட்டை அசைத்துப் பார்ப்பார், வராது. மறுபடி கேட்பார். வயதான காலத்து மறதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு சிவராத்திரிக்குத் தம்பி பெட்டி தூக்கக் குனிந்து நின்றார். மறைந்தவர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்த பங்காளி, அண்ணன் முறை வந்ததும் நிறுத்திவிட்டார். மதம் மாறிப்போனவரைக் கூப்பிடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அய்யா கைத்தடியை ஊன்றி எழுந்தார். தான் வைத்த பெயரைச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டார். தொடர்ந்து அந்த இன்னொரு பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மேளக்காரரைப் பார்த்து, "ம், அடிங்கப்பா. அவனும் வந்துட்டான்" என்றார்.