வலை சிக்கும் இடம்

மலேசியாவில் லூமுட் பக்கத்துக் கழிமுகத்தில் மூழ்கிய பழைய கப்பல் தேடும் குழு ஒன்றில் சில மாதம் வேலை செய்தேன். ஈப்போவிலிருந்து போன எனக்கு வரைபடம் போடும் வேலை. கடலடியை ஒலியால் படம் பிடிக்கும் கருவியைத் தண்ணீரில் இறக்கும் முன்னால் மீனவர்களிடம் கேட்க வேண்டும்: வலை எங்கே சிக்கிக் கிழிகிறது? சேற்றுத் தரையில் வலை சிக்கினால் அடியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வலை சிக்கும் இடத்தில்தான் மீனும் கூடும்.

ஒருவர் மட்டும் சொன்னார். சுங்காய் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரர். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது வேலை போய், கடலோரம் வந்து தூண்டில் பிடித்தவர்.

"அந்தக் குன்றும் மசூதி உச்சியும் ஒரே நேர்ல வரணும். அங்கதான் எனக்கு மீனு. நம்ம லயத்து ஆளுனுதான் சொல்றேன் அண்ணே, படத்துல போட்றாதீங்க லா."

போட மாட்டேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று வாரம் ஒன்றும் சிக்கவில்லை. குழுத் தலைவர் என்னை உதவாக்கரை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். கடைசி நாள், ஏதோ சும்மா தோன்றியதுபோல, குன்றும் மசூதியும் நேராகும் பக்கம் கைகாட்டி, "அந்தப் பக்கம் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாமா?" என்றேன். திரையில் நீளமாக ஒரு நிழல் விழுந்தது. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இன்றுவரை குடைவது அந்தப் பெருமைதான்.

முக்குளித்துப் பார்த்தால் அது ஈயம் ஏற்றிய வெறும் இரும்புச் சரக்குப் படகு. அப்படியொன்றும் பழையதும் இல்லை. குழு மூட்டை கட்டியது. ஆனால் துறைமுக அதிகாரிகள் நான் வைத்த புள்ளியை ஆபத்தான இடம் என்று சொல்லி, சுற்றி மிதவை போட்டு, அங்கே மீன்பிடிக்கத் தடை விதித்துவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அந்த லயத்துக்காரர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க அண்ணே. கப்பல் கிடைச்சிச்சா?" என்றார். குரலில் குத்தலே இல்லை. அதற்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். "மக்கான் பண்ணிட்டுத்தான் போகணும்" என்று சாப்பிட உட்கார வைத்தார்.

அந்த வீட்டில் எப்போது உட்கார்ந்தாலும் தட்டில் நண்டு இருக்கும், இல்லையென்றால் அன்று பிடித்த மீன். அன்றைக்கு அவர் மனைவி சோற்றில் ஊற்றியது டின்னில் வரும் சாடின் மீன் குழம்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்; எனக்குத் தலை நிமிரவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.