கம்ப்யூட்டரில் அடிபட்ட ஆள்

பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது என் தம்பி தன் பழைய கம்ப்யூட்டரைக் காட்பாடியில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். கூடவே ஒரு கேம். ஊர் முழுக்கத் திரிந்து வண்டி திருடலாம், ஆளைச் சுடலாம், போலீஸுக்குத் தண்ணி காட்டலாம். முக்குக்கு முக்கு அரைகுறை உடையில் பொம்பளைகள் வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்கிறவள் நான். "இந்தக் கருமத்தத் தூக்கித் தெருவுல போடுங்க" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. காரணம் இருந்தது. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் பைபாஸில் குறுக்கே வந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டார். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வேலூரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். இவர் மேல் தப்பில்லை என்று அந்தப் பெரியவரே சொல்லியும், சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான். வீட்டு ஸ்கூட்டரைக்கூட விற்கச் சொல்லிவிட்டார். பெரியவரைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, "அந்தப் பேச்ச எடுக்காத" என்பார். பதினெட்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷன் இனி வண்டியே ஓட்டமாட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அப்படிப்பட்டவர் அந்த கேமில் வண்டி ஓட்டுகிறார் என்றால் எப்படித் தடுப்பேன்? ஓட்டுகிற அழகு இருக்கிறதே! திருடின காரில் உட்கார்ந்துகொண்டு சிவப்பு விளக்குக்கு நிற்பார். அந்த ஊரில் வண்டிகள் வலது பக்கம் போகும். இவர் நம்மூர் வழக்கப்படி இடது பக்கமே பிடித்துப் போய், எதிரில் வருகிறவனைத் திட்டுவார். "இன்னாடா ஓட்ற, லைசென்ஸ் எவன்டா குடுத்தான் உனக்கு?" நான் சமையல்கட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஒரு ஆளைக்கூட அவர் சுட்டதில்லை.

ஒரு நாள் காலை டியூட்டி முடித்து மத்தியானம் வந்தேன். திரையில் ஒருத்தன் நடைபாதையிலிருந்து சட்டென்று இறங்கினான். இவர் வண்டி அவன்மேல் ஏறிவிட்டது. இவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ரத்தம் பரவியது. யாரோ அதை மிதித்துப் போக, காலடித் தடம் சிவப்பாக விழுந்தது. கேஷுவாலிட்டியில் நான் தினம் பார்க்கிறதுதான். அதை மட்டும் அச்சு அசலாகச் செய்திருந்தார்கள், பாவிகள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. ஒருத்தன் இறங்கி மார்பை நாலு தடவை அமுக்கினான். அடிபட்டவன் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போய்விட்டான்.

இவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வேர்வை. "இப்டி எழுந்து போவாங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அமுக்கினா எழுந்துருவாங்களா? ராடு வெச்சி, மூணு மாசம் படுத்து, வாக்கர் புடிச்சி, அப்புறந்தான் போவாங்க. உங்க பெரியவர் அப்டித்தான் போனாரு. போன வாரம் செக்கப்புக்கு வந்தாரு, கைத்தடி ஊணி, தானே நடந்து. உங்கள விசாரிச்சாரு. எங்க சொல்ல உட்டீங்க நீங்க?"

"நடக்கறாரா?" என்றார். அதையே மூன்று தடவை கேட்டார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து, பெரியவர் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு ஆம்பூர் போனோம். பெரியவர் வெள்ளைக் குல்லாவோடு வாசலில் நின்றிருந்தார். இவர் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"உடுப்பா, தொழுகைக்கு டைம் ஆவுது" என்றார் பெரியவர். "பையன் கடைக்குப் போய்ட்டான். இந்த வெயில்ல நடந்தா பேஜாரு. அதோ அவன் ஸ்கூட்டர் நிக்குது. மசூதி வரைக்கும் கொண்டுபோய் உடு."

"நானா?"

"ஏன், ஓட்டத் தெரியும் இல்ல உனக்கு?" பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இவர் ஸ்டாண்டை எடுத்து, ரெண்டு தடவை உதைத்துக் கிளப்பினார். பெரியவர் முக்கி முனகிப் பின்னால் ஏறி, கைத்தடியை மடியில் குறுக்காக வைத்து, இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. "இன்னும் கொஞ்சம் வேகமா போப்பா, ஆரம்பிச்சிடுவாங்க!" என்று பெரியவர் கத்தியது தெருமுனையிலிருந்து எனக்குக் கேட்டது. இவர் வேகத்தைக் கூட்டினார்.