குடிமங்கலம் பிரிவில் ஒரு பாட்டு

காலை 5.50. கொமரலிங்கத்தில் பேருந்தைத் தவறவிட்டு நின்ற என்னை, வீரபாண்டிக்குப் போகும் பனியன் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டது. கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர். ஓட்டுநர் பழனிச்சாமி காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வேனில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே ஏறுகிறார்களோ, அங்கே அவர்கள் கேட்ட பாட்டு ஒலிக்கும். பழனிச்சாமி தம் கைப்பேசியில் பாட்டுகளை நிறுத்தவாரியாக, விரலால் இழுத்து இழுத்து அடுக்கி வைத்திருந்தார். நிறுத்தம் வந்ததும் அடுத்ததைத் தட்டுவார்.

"ஆளு வேலய விட்டுட்டா பாட்டையும் எடுத்துருவனுங்க," என்றார்.

6.25. உடுமலை. ஓட்டிக்கொண்டே தட்டுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி அன்று நான்தான். "குடுங்க, அதுவே பாத்துப் போட்டுக்கும்," என்று கைப்பேசியை வாங்கி, தானாகப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றிவிட்டேன். நல்ல பாட்டுகளாகத்தான் வந்தன.

6.55. குடிமங்கலம் பிரிவு. நிழற்குடையில் யாரும் இல்லை. ஆனாலும் வேன் வேகம் குறைந்தது. ஒரு குத்துப்பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையிலிருந்து தங்கமணி என்ற பெண் எழுந்தார்.

"ஏனுங்ணா, சரசு பாட்டு வரலீங்களே?"

பழனிச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். சரசு, தங்கமணியின் தங்கை. இந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தினமும் இங்கேதான் ஏறுவாளாம். போன ஆடியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள்.

"அந்தப் புள்ள பாட்ட மட்டும் எடுக்கலீங்க," என்றார் பழனிச்சாமி என்னிடம், தணிந்த குரலில். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பழைய வரிசையைத் தேடியெடுத்து அவர் அந்தப் பாட்டைத் தட்டினார். அது முடியும்வரை வேன் நகரவில்லை. எட்டு மணிக்கு ஷிஃப்ட். பதினான்கு பேர் இருந்தோம், ஒருவரும் மணி பார்க்கவில்லை. தங்கமணி சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

8.05. வீரபாண்டி. இறங்கியதும் தங்கமணியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியாமத்தானுங்க பண்ணுனீங்க, உடுங்க," என்றார். பிறகு, "நீங்க கொமரலிங்கத்துல ஏறுனீங்கல்லங்க? உங்களுக்கும் ஒரு பாட்டுச் சொல்லுங்க. இன்னொருக்கா வந்தா அண்ணன் போடுவாரு."

யோசித்தேன். சென்னையில் என் கைப்பேசி நாள் முழுக்கப் பாடுகிறது. எனக்குப் பிடித்ததை அதுவே பொறுக்கித் தருகிறது. பல வருடங்களாக நானாக ஒரு பாட்டைத் தேடிப் போட்டதில்லை. நேரமாகியும் தங்கமணி காத்து நின்றார். எனக்கு ஒரு பாட்டும் வாயில் வரவில்லை.