ஜப்ரீன் மாளிகைக்கு எத்தனை பேர்?

ரூவி டாக்சி ஸ்டாண்டில் நிற்கிறோம். அப்பா வேலை பார்க்கும் ஓமானுக்கு நானும் அம்மாவும் வந்திருப்பது இதுதான் முதல் முறை. வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதால் திட்டமும் என்னுடையது: வெள்ளிக்கிழமை மூவரும் ஜப்ரீனில் அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட இமாம் கட்டிய பழைய மாளிகைக்குப் போகிறோம்.

"யல்லா, போகலாம். ஆனா படி ரொம்பச் செங்குத்து. ஓவியக் கூரை மாடியிலதான்," என்று இந்தியில் சொல்கிறார் ஓமானி டிரைவர்.

"கட்டட வேலையில சாரத்துல ஏறுற அப்பாவுக்குப் படியெல்லாம் எம்மாத்திரம்!" என்கிறேன் பெருமையாக.

அப்பா டிரைவரிடம் மெதுவாக, கீழே உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

அம்மாவின் முகம் மாறுகிறது. "காலுக்கு என்னங்க?"

"சைட்ல விழுந்தேன். இப்ப ஸ்டோர்லதான் டியூட்டி. சொன்னா கெளம்பி வாங்கன்னு நிப்பீங்க."

அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்கிறாள். எத்தனை பேர் என்று கேட்கிறார் டிரைவர். நான் வாய் திறக்கும் முன் அப்பா, அம்மாவையும் என்னையும் சுட்டி இரண்டு விரலைக் காட்டுகிறார்.