மெயில் அனுப்பச் சம்மதமா?

ஏலக்காயைக்கூட விற்றுவிடலாம், "உங்களுக்கு மெயில் அனுப்பட்டுமா?" என்று கேட்டு ஒருவரைச் சரி சொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. கவுன்டரில் நின்று மெயில் முகவரி கேட்டு முழித்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். போடியில் சாகுல் பாயின் ஏலக்காய்க் கடையில் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்ப்பது என் வேலை.

பாதி அனுமதி

ஒருநாள் பாய்க்கு உற்சாகம் வந்தது. பழைய பில்களில் இருந்த முகவரி ஒன்று விடாமல் 'புதுக்காய் வந்திருக்கு' என்று மெயில் போடச் சொன்னார். போட்டேன். பலர் அதைக் குப்பை என்று புகார் செய்ய, மெயில் சேவைக்காரர்கள் எங்கள் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் வருகிற நேரம். ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கினால்தான் திறப்பார்களாம். பாய்க்கு மனசே ஆறவில்லை.

"நம்ம கடைப் படி ஏறுனப்பவே பாதி அனுமதி குடுத்துட்டாகல்லப்பா, மீதிப் பாதிக்கா இம்புட்டுச் சோலி?"

நேரில் வாங்க

போனில் கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து ஊரான தேவாரத்தில் மீனா என்று ஒரு டீச்சர், எங்கள் வாடிக்கையாளர். போனை எடுத்தது அவருடைய அம்மா. பின்னால் யாரோ, யானை தோட்டத்தை மிதித்துவிட்டதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில், 'போடியிலேருந்து பேசுறேன், மீனாவோட சம்மதம் வேணும்' என்பது மட்டும்தான் அந்தம்மா காதில் விழுந்திருக்கிறது.

என்ன சோலி பார்க்கிறேன், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சொந்த வீடா என்றெல்லாம் விசாரித்தார். வாடிக்கையாளர் வீடாயிற்றே என்று எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா சம்மதம்லாம் போன்ல கேக்கப்படாதப்பு, பெரியவுகளக் கூட்டிட்டு நேர்ல வாங்க."

அமுக்கினால் போச்சு

வாயால் சரி சொன்னால் போதாது. மெயிலில் ஒரு லிங்க் போகும். அதை அவரே அமுக்கி உறுதி செய்ய வேண்டும். போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கும் தங்கச்சன் சேட்டனுக்கு லிங்க் என்றாலே பயம். தொட்டால் பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும், நீயே வந்து அமுக்கு என்றார்.

எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். விஷயம் தெரிந்து ஜீப்பே இறங்கி டீக்கடையைச் சூழ்ந்துகொண்டது. உங்கள் அனுமதி, உங்கள் விரல்தான் படணும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினார். திரையில் 'நன்றி' என்று வந்தது. அவ்வளவுதான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்ரயேயுள்ளோ? இவ்வளவுதானா? இதுக்கா தம்பி நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேந்தேன்?"

சேதி மட்டும்

ஒருவழியாகக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். சம்மதித்தவர்களுக்கு மட்டும் தினம் விலை போட்டு மெயில் போனது. எதிர்க்கடை பேக்கரி செல்வராஜ் அண்ணன் ஆரம்பத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். அவர்தான் தினமும் காலையில் வந்து, இன்னைக்கு மெயிலில் என்ன போட்டிருக்கீக என்று கேட்டு நிற்பார். நானும் வாசித்துக் காட்டுவேன். அப்படியானால் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"மெயிலுதானப்பா வேணாம்னேன், சேதி வேணாம்னா சொன்னேன்?"

விலகியது யார்?

தீபாவளி ஆர்டர்கள் நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலாகவே வந்தன. பெயரை நீக்கச் சொல்லி அமுக்கியது ஒரே ஒருவர். பாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார், நம் சரக்கில் என்ன குறை என்று என்னைத் துளைத்தெடுத்தார். பார்த்துச் சொன்னேன்: அவருடைய மனைவி. முதல் சம்மதமே அவரிடம்தான் வாங்கியிருந்தார் பாய். உடனே வீட்டுக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் காரணம் கேட்டார்.

"கடையில பேசுறதையே வீட்ல வந்தும் பேசுறீக, அதை மெயில்ல வேற நான் படிக்கணுமா?"

கேட்காமல் அனுப்பினால் திட்டு விழுகிறது, கேட்டு அனுப்பினால் உறவு முளைக்கிறது, இரண்டில் எது அதிக ஆபத்து என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.