புளி போட்டுத் தேய்த்த கார்

மொன்றியல் துறைமுகத்தில் வேலை செய்கிறவன் கறுப்புக் கார் வாங்கக் கூடாது. எல்லோரும் சொன்னார்கள், நான் வாங்கினேன். அதன் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். டிக்கியில் மனைவி ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டியதற்கு, பெயின்ட் பழுதாகிவிடும் என்று அவளோடு சில நாள் பேசாமலே திரிந்தேன்.

அடுத்த கோடையில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். "மாப்பிள்ளைக் கார் உங்கடைதான் அத்தான்" என்று அவன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர் எல்லோருக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன்.

கல்யாண வாரம் பார்த்தால் பொனட்டிலும் கூரையிலும் வெள்ளைப் புள்ளிகள். துறைமுகப் புகையோடு பெய்த அமில மழை, வெயிலில் காய்ந்து பெயின்டைக் கடித்திருந்தது. முதலில் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்கைக் களிமண் போன்ற ஒரு கட்டியால் உருவியெடுத்து, பிறகு பொலிஷ் போட வேண்டுமாம். வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரித்தேன். குத்துவிளக்கு எதில் மினுங்குகிறது? பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் பழப்புளி வாங்கிக் கரைத்து, தேங்காய்த் தும்பால் கார் முழுக்கத் தேய்த்தேன்.

கழுவியதும் புள்ளிகளைக் காணவில்லை. கீறல்களுக்குள் அவை எங்கே தெரியும்? கறுப்புக் கார் சாம்பலாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மைத்துனன் ஓடி வந்தான். "அமிலம் கடிச்ச காருக்குப் புளியோ அத்தான்?" என்றான். சோப்புத் தண்ணீர் தெளித்து, வீடியோவில் காட்டிய அந்தக் களிமண் கட்டியைக் காரின் மேல் வழுக்கவிட்டான். சொரசொரப்புப் போனது, கீறல் போகவில்லை. டிக்கியைப் பொலிஷ் பண்ணுவதற்காக, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தான்.

ஸ்டிக்கருக்குக் கீழே, வாங்கிய அன்று இருந்த அதே கறுப்பு, வேல் வடிவத்தில் பளபளத்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. மனைவி அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வேறை கார் பிடி. நான் கோவிக்கமாட்டன்" என்றேன்.

"சும்மா இருங்கோ அத்தான். முன்பக்கத்தைப் பூவாலை மூடுவம். பின்பக்கம் அப்பிடியே கிடக்கட்டும்."

கல்யாணத்தன்று காருக்குப் பின்னால் ஒரு கூட்டம். "நல்ல வடிவாயிருக்கு, இந்த வேல் ஆர் கீறினது?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அதிலை மட்டும் இவர் கை வைக்கேல்லை. மிச்சமெல்லாம் இவரின்ரை வேலைதான்."