தூக்கணாங்குருவியின் விளக்கு

எனக்கு எட்டு வயதாகும்வரை வாப்பா என்பது போனில் வரும் ஒரு குரல். கட்டாரில் ஓர் அரபி வீட்டில் அவர் சாரதி. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும்தான் வேலை என்று உம்மா சொல்லியிருந்தார். அந்தக் குரல் ஒருநாள் நரை விழுந்த தாடியும் பெரிய பெட்டியுமாக ஏறாவூருக்கு வந்து இறங்கியபோது, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் தந்த சொக்லேட்டுகளை மட்டும் ஒன்று விடாமல் தின்றேன். அவருடைய லீவு முடியப்போகிறது, பிள்ளை இன்னும் ஒருதரம்கூட வாப்பா என்று கூப்பிடவில்லையே என்பது உம்மாவின் கவலை.

"ஒரு வார்த்த பேசினா வாய் தேஞ்சா போகும் மகள்?" என்று இரகசியமாகக் கிள்ளுவார்.

எனக்கோ வேறு கவலை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுப் படித்திருந்தோம். தூக்கணாங்குருவி ஈரமண்ணை எடுத்துவந்து கூட்டுக்குள் அப்பி, அதில் மின்மினியை ஒட்டி, இருட்டில் தன் குஞ்சுகளுக்கு விளக்கு வைக்குமாம். உண்மையா என்று ரீச்சரிடம் கேட்டேன். பாட்டை முதலில் பாடமாக்கச் சொன்னார். உம்மாவின் தம்பியான மாமாவிடம் கேட்டேன்.

"அப்ப குருவிக்குக் கரண்ட் பில் வாறல்ல" என்றார். வீடே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிரிக்காதவர் வாப்பா ஒருவர்தான். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

"வாங்க மகள், போய்ப் பாத்திட்டு வருவம்."

அவரைத் தொடாமல், சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே போனேன். வயல் வட்டையைத் தாண்டினால் வாவிக்கரையில் சில பனைகள். ஓலை நுனிகளில் கூடுகள் ஆடின. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குறுக்கே ஒரு வாய்க்கால். மோட்டார் சைக்கிளைக் கரையில் நிறுத்தி, காற்சட்டையை மடித்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நடுவில் கால் வழுக்கி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பயத்தில் அவர் தலைமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.

"பிடிங்க, நல்லாப் பிடிங்க" என்றார். வலித்திருக்கும். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

பனையடியில் காற்றுக்கு விழுந்த கூடு ஒன்று கிடந்தது. குஞ்சு இல்லை என்று பார்த்துவிட்டு, மெதுவாகப் பிரித்தார். உள்ளே நாருக்கு மேல் காய்ந்த மண் ஒரு திட்டாக ஒட்டியிருந்தது.

"மண் இரிக்கி மகள்! பாட்டுச் சரிதான்!" என்று அவரே சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார்.

"மின்மினி எங்க?"

"அது பறந்து போயிரிக்கும்."

"ஒட்டி வெச்சா எப்பிடிப் பறக்கும்?"

அவர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "குருவிக் குஞ்சுக்கு வெளிச்சம் சரி. மின்மினிக்கும் குஞ்சு இரிக்கும்தானே வாப்பா? அதுக்கு ஆரு வெளிச்சம் காட்டுற?"

வாப்பா கூட்டைக் கையில் வைத்தபடி வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"கண்ணுல பூச்சி உழுந்திட்டு மகள்."

குனியச் சொல்லி, இமையை விரல்களால் விரித்து, என்னால் முடிந்த மட்டும் ஊதினேன். கண் சிவந்திருந்தது. பூச்சி ஒன்றும் தெரியவில்லை.

"போயிட்டா?"

"போயிட்டு."

திரும்பும்போது கம்பியை விட்டு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சேறு என் சட்டையெல்லாம் பிரண்டது.

வாப்பாவின் கண்ணில் விழுந்த பூச்சியை நான்தான் ஊதி எடுத்தேன் என்று உம்மாவிடம் பெருமையடித்தேன். எப்போது விழுந்தது என்று அவர் கேட்க, நான் கேட்ட கேள்வியையும் விடாமல் ஒப்புவித்தேன். சோறு போட வந்த உம்மா, அகப்பையும் கையுமாக அப்படியே நின்று வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிலத்தைப் பார்த்தார். எனக்கோ நல்ல பசி. ஒரு சின்னப் பூச்சிக்காக இந்தப் பெரிய மனிதர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று விளங்காமல், வெறும் சோற்றுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.